நார்த்தங்காய் கெடட்டும்

என் அக்கா வீட்டுச் சமையலறையில் எறும்பு கிடையாது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. வேங்கிக்காலில் என் வீட்டுச் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நீந்தி வருகின்றன. அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சீக்கிரமே வந்துவிடுகிற அடி அண்ணாமலையில், அக்கா வீட்டில், வெல்லப் பானை மூடியில்லாமல் கிடந்தாலும் ஓர் எறும்பு எட்டிப் பார்க்காது. ஈயும் வராது. சமையலறை என்றால் ஒரு வாசனை இருக்குமே, அதுவும் இருக்காது. உள்ளே நுழைந்தால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

காரணம் புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. அந்த வீட்டில் கெட்டுப்போகிற பொருள் ஒன்றுகூட இல்லை. பால் வாங்கமாட்டாள். தயிர் தோய்க்கமாட்டாள். கீரை, தக்காளி, வாழைப்பழம், எதுவும் வாசல்படி தாண்டி உள்ளே வராது. சாமி படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை. அலமாரியில் கறுத்துப்போன பழம்புளி, மோர் மிளகாய், மணத்தக்காளி வத்தல், கூழ் வடகம், தேன், கல் உப்பு, பழைய அரிசி. சோறு ஒரு கைப்பிடி வடிப்பாள், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு இன்று என்ன கிழமை என்று சொல்வது கஷ்டம். புளித்த மாவு, வாடின கொத்தமல்லி, திரிந்த பால் எல்லாம்தான் நமக்கு நாள் போவதைச் சொல்கின்றன என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

எல்லாம் மாமாவுக்காக. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர்.

அவர்களுக்குக் கொஞ்சம் நிலம், வீட்டு முன்பக்கம் கிரிவலப் பாதையைப் பார்த்த மாதிரி ஒரு சின்னக் கடை. பௌர்ணமிக்குத் தண்ணீர் பாட்டில், கற்பூரம், பிஸ்கட் பாக்கெட் என்று வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். அப்படி ஒரு பௌர்ணமி சாயங்காலம், கூட்டம் கூடுகிற நேரத்தில், மாமா கல்லாவை விட்டு எழுந்து, "ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்" என்றாராம். பிறந்ததிலிருந்து மலையடியிலேயே இருக்கிற மனுஷன், பௌர்ணமிக்கு மலை சுற்றி யாரும் பார்த்ததில்லை. "நல்ல நேரம் பாத்த போ. கடைய யாரு பாக்கறது?" என்று அக்கா கத்தியிருக்கிறாள். அவர் செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டு, போனைச் சார்ஜில் போட்டது போட்டபடியே இருக்க, கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிட்டார்.

அந்த ரோடு வட்டம். அதில் நடந்துகொண்டே இருந்தால் கடைசியில் கிளம்பின வாசலுக்கே வந்து நின்றாக வேண்டும், வேறு வழியில்லை. மாமா வரவில்லை.

'காணவில்லை' நோட்டீஸை என் கடையில்தான் அடித்தோம். கலெக்டர் ஆபீஸ் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஒரிஜினல் போட்டோவை அக்கா கையை விட்டுக் கொடுக்கமாட்டேன் என்றதால், காப்பியை வைத்துக் காப்பி எடுத்தேன், அதை வைத்து இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் மாமாவின் முகம் கொஞ்சம் கறுத்தது. பஸ் ஸ்டாண்டில் கடைசியாக ஒட்டின நோட்டீஸில் கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான் இருந்தது. அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த ஊரில் தாடி வளர்த்துக் காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. அதற்காகவே எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இங்கேயே இருக்கிறவன் அப்படி ஆக நினைத்தால் எங்கே போவான் என்று யாரும் யோசித்ததில்லை.

அக்கா அழுதது கொஞ்ச நாள்தான். பிறகு அலமாரியை நிரப்ப ஆரம்பித்தாள். "எப்ப வருவாருன்னு தெரியல. வந்ததும் சோறு போடணுமே. எது கெடாதோ அத வச்சிருக்கேன்" என்றாள். கேட்கும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொங்கல் போய் அடுத்த பொங்கலும் வந்து, அவள் தட்டில் வத்தலும் வடகமும் உப்புமே கிடப்பதைப் பார்த்தபோது கண்ணீர் போய்க் கோபம்தான் வந்தது.

ஒரு நாள் கிணற்றடியில் மயக்கம் போட்டு விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் பண்ணினார்கள். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். உப்பைக் குறைக்கணும், பச்சைக் காய்கறி சாப்பிடணும், தனியாக விடவே கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார். வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. அந்த வீட்டுக்குள் அவள் விழுந்து கிடந்தால் யாருக்கு எப்படித் தெரியும்? ஈ மொய்க்காத, எறும்பு வராத வீடு. அவளும் அந்த அலமாரிச் சாமான் மாதிரி கெடாமலே கிடப்பாள் என்று தோன்றியது.

"என்கூட வந்துடு. மாடி ரூம் சும்மாதான் கெடக்குது" என்றேன்.

அப்போதுதான் அவள் அந்த ஜாடியைக் காட்டினாள்.

மேலே காப்பிக் கலர், கீழே வெள்ளை, எல்லார் வீட்டிலும் இருக்கிற பீங்கான் ஜாடிதான். உள்ளே உப்பு நார்த்தங்காய். நார்த்தங்காய் போடுவது அந்த வீட்டில் மாமாவின் வேலை. காயைத் துண்டாக விடாமல் சுருள் சுருளாக நறுக்கி, சுருளுக்குள் கல் உப்பை அடைத்து, ஜாடியில் போட்டுக் குலுக்கி, பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி உப்புத் தண்ணீரிலேயே போடவேண்டும். ரொம்பப் பொறுமை வேண்டிய வேலை. அக்காவை அவர் கிட்டவே விடமாட்டார். அந்தப் பௌர்ணமிக்கு முன்னால் அவர் கடைசியாகப் போட்டு, வாயில் துணியை வேடு கட்டிவிட்டுப் போன ஜாடி அது.

"இது அவரு கை பட்டது" என்றாள் அக்கா. "அவருக்கு ஏதாவது ஆயிருந்தா தீட்டு வந்திருக்கும். தீட்டு வந்தா ஊறுகா பூத்துடும். பாரு, பூக்கல."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் இது சிரிப்பு இல்லை. பங்காளி வீட்டில் சாவு விழுந்தது என்று தெரிந்தால், எங்கள் அம்மா அழுவதற்கு முன்னால் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடுவாள். சாவு பெங்களூரில் நடந்தாலும் தீட்டுக்குப் பஸ் டிக்கெட் தேவையில்லை, நேராக ஜாடிக்கு வந்துவிடும் என்பதுதான் நாங்கள் வளர்ந்த கணக்கு. அந்தக் கணக்குப்படி அக்கா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நார்த்தங்கா கெடட்டும். அன்னிக்கே உன்கூட வந்துடறேன்" என்றாள்.

தினம் காலையில் துணியை அவிழ்ப்பாள். குனிந்து மோந்து பார்ப்பாள். தூங்குகிற குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். பிறகு கட்டிவிடுவாள். ஒரு துண்டுகூட எடுக்கமாட்டாள். உள்ளே காய்கள் பச்சை போய்ப் பழுப்பாகி, பழுப்பும் போய் முழுக் கறுப்பாகிவிட்டன. வருஷமாக ஆக அந்த ஜாடியிலிருந்து வந்த வாசனை நன்றாகிக்கொண்டே போனது.

மாமாவின் தம்பி ஓர் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆள் காணாமல் போய் இத்தனை வருஷமானால் தர்ப்பையில் உருவம் செய்து தகனம் பண்ணிக் காரியம் முடித்துவிடலாம் என்று சாஸ்திரத்திலேயே வழி இருக்கிறதாம். அக்கா ஜாடியைக் கொண்டுவந்து ஐயர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னாள். ஐயர் நல்லவர்தான். அவளை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்துச் சொன்னார்.

"அப்படி இல்லைம்மா. தூரத்துல போனவாளுக்கு, சேதி காதுல விழுந்த அன்னிலேர்ந்துதான் தீட்டு. அதுவரைக்கும் ஒண்ணும் ஒட்டாது. இத வச்சு, இருக்காரா இல்லையான்னு சொல்ல முடியாது."

ஜாடி ஒன்றையும் நிரூபிக்கவில்லை என்று அவர் சொன்னார். அக்கா காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஜாடியின் துணியை இழுத்துக் கட்டினாள்.

"அப்ப எனக்கு யாரும் எந்தச் சேதியும் சொல்லாதீங்க" என்றாள்.

அன்றிலிருந்து போனை அணைத்து வைத்துவிட்டாள். தபால்காரர் கூப்பிட்டால் கதவைத் திறக்கமாட்டாள். நான் போனால்கூட, படியேறும்போதே என் முகத்தைப் பார்ப்பாள், அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. என்னிடம் ஒரு சேதியும் இல்லை. இருந்தாலும் அவள் அப்படிப் பார்க்கும்போது, எனக்கு ஏதோ தெரியும், மறைக்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். ஐயரை நான் மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

ஒரு மழைக்காலத்தில் போயிருந்தேன். அக்கா துணியை அவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எட்டிப் பார்த்தேன். கறுப்பு நார்த்தங்காய் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. முதலில் வந்தது சந்தோஷம், அடுத்த நொடி மாமாவின் முகம். மாடி ரூமுக்கு மெத்தை வாங்கணும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது, மனசு அப்படித்தான். அக்கா விரலால் அந்த வெள்ளையைத் தொட்டாள். நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள். "பூசணம் இல்ல. உப்புதான் பூத்திருக்கு."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அன்று நான் கவனிக்கவில்லை. நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை நான் ஒரு முடிவோடு போனேன். அவள் ரேஷன் கடைக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும். அவள் தலை மறைந்ததும் குழாயடியில் கையைக் கழுவி, துடைக்காமல், சொட்டச் சொட்ட ஜாடிக்குள் மணிக்கட்டு வரை விட்டேன். ஊறுகாயைக் கெடுக்க இதைவிட வேறு வேலை வேண்டாம், ஈரக் கரண்டி பட்டாலே போதும் என்று எல்லாருக்கும் தெரியும். அடியில் சுருள்கள் மெத்தென்று விரலில் பட்டன. கையை உருவினால் ஏதோ ஒன்று விட மனசில்லாமல் விடுவது போல இருந்தது. விரலை நக்கிப் பார்த்தேன். நாசமாய்ப்போன நார்த்தங்காய், என் ஆயுசில் அப்படி ஒரு ருசியை நான் கண்டதில்லை. தப்புச் செய்தேன் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தி எனக்கு வேண்டியிருந்தது.

கெடவில்லை.

அடுத்த தடவை அரை டம்ளர் தண்ணீரே ஊற்றினேன். அதற்கும் கெடவில்லை. வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "உப்பு ஜாஸ்தி, அவ்ளோதான். இதுக்குப் போய் மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிக்கற?" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்றிலிருந்து சோறு பிசையும்போது என் வலது கையில் நார்த்தங்காய் வாசனை வர ஆரம்பித்தது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடும். கடையில் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூட்டோடு பேப்பரை எடுத்துக் கொடுக்கும்போது, வாங்குகிறவர்களுக்கு மூக்கில் படுமோ என்று கையை இழுத்துக்கொள்வேன்.

கடைசியாகச் சோற்றைப் போட்டேன். அதைவிடச் சீக்கிரம் ஊசிப்போகிறது எது? டிபன் பாக்ஸில் கொண்டுபோன சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து ஜாடியின் அடியில் அழுத்திவிட்டு, துணியை அவள் கட்டுகிற மாதிரியே கட்டினேன். வெயில் காலம் வேறு. வீட்டுக்கு வந்து காத்துக்கொண்டிருந்தேன்.

போன் வந்தது. வருஷக்கணக்காக அணைந்து கிடந்த நம்பரிலிருந்து. காலை நேரம், கடையைத் திறந்து மெஷின் மேல் துணியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"வா" என்றாள் அக்கா. வேறொன்றும் சொல்லவில்லை.

கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடினேன். கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆட்டோவில் மாமாவுக்காக ஒரு பாட்டம் அழுதும் முடித்துவிட்டேன். போனால் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஜாடி. நார்த்தங்காய்களை எல்லாம் ஒரு தாம்பாளத்தில் எடுத்து வைத்திருந்தாள். கறுப்பாக, பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன.

"இன்னாக்கா?" என்றேன்.

உள்ளங்கையை நீட்டினாள். அதில் சோற்றுப் பருக்கைகள் இருந்தன. நான் போட்டது ஒன்று. அவள் கையில் ஒரு கரண்டிக்கு இருக்கும். எல்லாம் லேசாகப் பழுப்பேறி, ஆனால் உடையாமல், குழையாமல், இப்போதுதான் வடித்த மாதிரி தனித்தனியாகக் கிடந்தன.

"இதுல உன்னுது எது, என்னுது எது, சொல்லு" என்றாள்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். என் மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

"ஈரக் கைய வச்சுப் பாத்தேன். எச்சிக் கரண்டிய விட்டுப் பாத்தேன். அப்பறம்தான் சோறு. ரொம்ப நாளா போட்டுக்கினு இருக்கேன்டி. போன வாரம் மூடி கட்டு வேற மாதிரி இருந்துச்சு. நீயும் போடறேன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிது."

"நீ ஏன்கா போட்ட?"

அவள் பருக்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவற்றைத் தொட எனக்குக் கை வரவில்லை. மிச்சமே வைக்காதவள், எந்தெந்த நாள் சோற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாளோ.

"செத்திருந்தா, அவரால வர முடியலன்னு இருந்திருப்பேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "ஐயரு ஆயிரம் சொல்லட்டும், சோறு போட்டும் இது கெடவே மாட்டேங்குது. அப்ப இருக்காரு. இங்கதான் எங்கயோ இருக்காரு. இருந்துக்கினு வரல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது உப்புக்கா, உப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான் என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்ல முடியவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் மாமா உயிரோடு இருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அவர்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, கூடவே முதுகுப்பக்கம் யாரோ நிற்கிற மாதிரி ஒரு பயமும். திரும்பிப் பார்த்தேன். வெறும் வாசல், வெயில்.

அக்கா எழுந்து கையைக் கழுவினாள். இரண்டு புடவையும் மாத்திரைப் பையும் எடுத்துக்கொண்டாள். "கெடல. ஆனாலும் வரேன்" என்றாள். தாம்பாளத்தையும் ஜாடியையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

கதவைப் பூட்டிச் சாவியை நிலைப்படிக்கு மேலே வைக்கப் போனாள். அவர் வந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று, கடைத்தெருவுக்குப் போனால்கூட அவள் சாவி வைக்கிற இடம் அது. தூக்கின கை கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

வழி நெடுகக் காவி கட்டினவர்கள் மரத்தடிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ அன்னதானம், இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தாள், ஒரு பக்கமும் திரும்பவில்லை. நான்தான் வேங்கிக்கால் வரும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.